டெல்டாவை வைத்து ஓட்ட கேம் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கேம் செய்யப் பழகும் பிள்ளைகள் பலர் முதலில் தொடுவது முடிவில்லாமல் ஓடும் கேமைத்தான். ஒரு விரல் போதும், யாரும் சொல்லித்தர வேண்டாம், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஓர் ஆட்டம் முடியும். இந்த வகையின் பலமே அதுதான். திறந்ததும் லாகின், கதை, அனுமதி என்று வாசலிலேயே நிறுத்தி அந்தப் பலத்தைக் கெடுக்காதீர்கள்.

பலவீனம், சீக்கிரம் அலுத்துவிடும். 2011-இல் டெம்பிள் ரன், 2012-இல் சப்வே சர்ஃபர்ஸ் வந்த பிறகு அதே மூன்று தடம், அதே நாணயம் என்று எத்தனையோ நகல்கள். சப்வே சர்ஃபர்ஸ் 2018-இல் கூகுள் பிளேயில் 100 கோடி பதிவிறக்கத்தைத் தொட்டது. 2013 முதல் ஊர் ஊராக மாற்றிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். நகலை வைத்துக்கொண்டு அதோடு மோத முடியாது.

பெரிய கோயிலைப் பின்னணியில் ஒட்டிவிட்டால் டெல்டா ஆகிவிடாது. நிலம் ஓட்டத்தையே மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் வறண்டு கிடக்கும், உள்ளே இறங்கி ஓடலாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் அந்தத் தடம் மூடிக்கொள்ளும். மதகு மேலும் வரப்பு மேலும்தான் வழி. நடவு சமயம் வரப்பு வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை உடைந்து கிடக்கும். தையில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் கருது அறுக்கிற மிஷின் எதிரே வரும். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடம் வாய்க்கால் திறந்தே கிடக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைக்கு அது சொல்லாமலே புரியும். சந்தையில் உங்களுக்கென்று இருக்கிற இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓடுகிற ஆளை நிஜமாகவே முன்னே நகர்த்திக்கொண்டு போவது இன்னொரு தவறு. தொடக்கப் புள்ளியிலிருந்து விலக விலக, ஆள் நிற்கும் இடத்தைக் குறிக்கிற தசம எண்களின் துல்லியம் குறைந்து உருவம் நடுங்கும். ஆளை நிறுத்திவிட்டு நிலத்தைப் பின்னால் இழுங்கள். கடந்துபோன நிலத்துண்டை அழித்துப் புதிதாக உண்டாக்காமல், அதையே எடுத்து முன்னால் போடுங்கள். இல்லாவிட்டால் விலை குறைந்த போனில் ஓட்டம் விக்கும். விரலை எடுத்த பிறகுதான் ஆள் தாவுவான் என்று வைத்தாலும் போச்சு, இழுக்கத் தொடங்கியதுமே தாவ வேண்டும்.

விழுந்த ஒவ்வொரு தடவையும் முழுத்திரை விளம்பரம் போடாதீர்கள். ஆட்டமே அரை நிமிடம்தான். 2014-இல் வந்த கிராஸி ரோடு கேம், விரும்பினால் வீடியோ பார்த்து நாணயம் பெறலாம் என்று விட்டது. நல்ல வருமானமும் வந்தது.

2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்கு என்றால், கூகுள் பிளேயில் வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். அந்த 12 பேரும் ஹாஸ்டல் நண்பர்களாகவே இருக்க வேண்டாம். பழைய போன் வைத்திருக்கும் அத்தை, ஏழாம் வகுப்புத் தம்பி, கடைக்கார அண்ணன் என்று சேருங்கள். அவர்கள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே விழுகிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எப்படித் தாவுவது என்று வாயைத் திறக்காதீர்கள்.