துமோனைப் படிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லூயி துமோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளரின் பெயர் சமூகவியல் மாணவர்களுக்குச் சாதி பற்றிய பாடத்தில்தான் அறிமுகமாகும். 'சாதிக்கு நியாயம் சொன்ன பிரெஞ்சுக்காரர்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதோடு புத்தகத்தை மூடிவிடுவோம்.

முதல் தவறு, சாதி பற்றி அவர் எழுதி 1966இல் வந்த 'ஹோமோ ஹைரார்கிகஸ்' நூலில் தொடங்குவது. எடுத்த எடுப்பில் அதைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அவருடைய ஆய்வு தொடங்கியது நம்ம ஊர்ப்பக்கம். 1949, 1950 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, உறவுமுறையையும் சடங்குகளையும் கவனித்தார்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பாருங்கள். வேட்டுச் சத்தம், மேளம், பின்னால் வரிசையாகத் தாய்மாமன் சீர்த் தட்டுகள். பிள்ளையை மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அம்மாவோடு பிறந்தவர், அந்தப் பாசம் என்றுதான் நாம் நினைப்போம். துமோன் வேறு பக்கத்திலிருந்து பார்த்தார்: மாமன் என்பவர் அப்பாவுக்கு மைத்துனர். கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் ஏற்பட்ட சம்பந்தம் ஒரு தலைமுறையோடு முடியாமல், சொத்து மாதிரி பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. சீர் அதைத் தொடர்கிறது. முறைப்பெண்ணைக் கட்டினால் அது புதுப்பிக்கப்படுகிறது. அவர் எழுதியதிலேயே எனக்கு அசைக்க முடியாததாகத் தெரிவது இதுதான்.

அப்புறம் சாதி. அவர் பேசும் தூய்மை, தீட்டு இரண்டையும் குளிப்பது, துவைப்பது சம்பந்தப்பட்ட சுத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காசையும் நிலத்தையும் வைத்துச் சாதியின் மேல்கீழை அளக்கவும் கூடாது. சடங்கு மதிப்பு வேறு, அதிகாரம் வேறு; படை வைத்திருக்கும் ராஜாவும் சடங்கில் பிராமணருக்குக் கீழேதான் என்பதே அவர் வாதம். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மேலே இருப்பவர்களின் கண்ணால் பார்த்தார், கீழே தள்ளப்பட்டவர்களின் எதிர்ப்பு அதில் கேட்கவில்லை என்ற விமர்சனம் சரியென்றே எனக்குப் படுகிறது.

அவரை மறுத்தவர்களைப் படிக்காமல் விடுவதும் தவறு. அமெரிக்க ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசை ஆராய்ந்து 1987இல் எழுதிய நூல், ராஜா கொடுத்த நிலமும் மரியாதையும்தான் அங்கே யார் மேல், யார் கீழ் என்பதைத் தீர்மானித்தன என்கிறது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு டர்க்ஸ் சட்டென்று புரிவார். தீட்டை மட்டும் வைத்து அந்தச் சண்டையை விளக்கவே முடியாது.

துமோன் எழுதியதை இன்றைய நிலவரமாகப் படிப்பவர்களும் உண்டு. பிறமலைக் கள்ளர்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ரத்தானது. அந்தச் சூடு ஆறுவதற்குள் வந்தவர் அவர்.

சரி, எங்கே தொடங்குவது? தென்னிந்திய உறவுமுறையும் மண உறவும் பற்றி 1957இல் எழுதிய சிறு ஆய்வில். அதே ஆண்டு பிரெஞ்சில் வந்த பிறமலைக் கள்ளர் நூலுக்கு 1986இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, அடுத்து அது. 'ஹோமோ ஹைரார்கிகஸ்' என்ற தடித்த தத்துவ நூல் அதற்கப்புறம் இருக்கட்டும்.