இன்சுலின் மிகும் குழந்தைக்கு எந்த ஸ்கேன், எப்போது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறவியிலேயே இன்சுலின் மிகுதியாகச் சுரக்கும் குழந்தைக்குச் சர்க்கரை திரும்பத் திரும்பச் சரியும். கோளாறு கணையத்தில் என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்பது, "வயிற்றை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?" எடுக்கலாம், ஆனால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'கணையம் இயல்பாக உள்ளது' என்ற அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் முதல் தவறு. பாதித்த பகுதி பல நேரம் 1 செ.மீ.க்கும் சிறியது, பார்வைக்கும் சுற்றியுள்ள கணையம் போலவே இருக்கும். அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. மூன்றிலும் அது தப்பிவிடும். (சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்சுலினோமா எனும் இன்சுலின் சுரக்கும் கட்டி என்ற சந்தேகம் எழுந்தால் கதை வேறு; அங்கே எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும்.)

நோயை உறுதிசெய்வது ரத்தம். சர்க்கரை (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) 50 மி.கி.க்குக் கீழே இறங்கிய அதே வேளையில் எடுத்த மாதிரியில் இன்சுலின் அடங்காதிருக்கும், கீட்டோனும் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் மாற்று எரிபொருள்) கொழுப்பு அமிலங்களும் ஏறாதிருக்கும். சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககானை ஊசியாகப் போட்டால் சர்க்கரை இருந்த அளவைவிட 30 மி.கி. அல்லது அதற்கு மேல் கூடும். அந்த மாதிரியைத் தவறவிட்டுவிட்டு ஸ்கேன் அறைக்கு ஓடுவதில் பயனில்லை. சர்க்கரையும் இல்லை, கீட்டோனும் இல்லை என்றால் மூளைக்கு எரிபொருளே இல்லை. தாமதம் மூளையைத்தான் அடிக்கும்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? கோளாறு கணையத்தின் ஒரு மூலையில் மட்டுமா, முழுவதுமா என்று அறிய. ஒரு மூலை என்றால் அதை மட்டும் வெட்டியெடுத்துக் குணமாக்கலாம். முழுவதும் என்றால், மருந்துக்கு அடங்காதபோது கணையத்தில் 95 சதவீதத்துக்கு மேல் எடுக்க நேரலாம்; பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். இதைப் பிரித்துக் காட்டுவது எஃப்-18 டோபா பெட் ஸ்கேன்; டோபா என்ற பொருளில் கதிரியக்க அடையாளம் சேர்த்து ஊசி மூலம் செலுத்தி, அது சேரும் இடத்தைப் படமெடுப்பது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் டோபாவை உள்ளிழுத்து டோபமைனாக மாற்றுவதால் அந்த இடம் ஒளிரும். சீட்டில் வெறுமனே 'பெட்' என்று எழுதினால் புற்றுநோய்க்கான எஃப்.டி.ஜி. (சர்க்கரை போன்ற பொருளைச் செலுத்தும் பெட்) எடுத்துவிடுவார்கள். இந்த நோய்க்கு அது உதவாது.

எல்லாக் குழந்தைக்கும் இது வேண்டியதில்லை. இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசாக்சைடு மருந்துக்குச் சர்க்கரை நிலைத்துவிட்டால் பொதுவாகத் தேவைப்படாது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்களுக்கும் வரும் தற்காலிக வகை தானே அடங்கும். பெரிய தவறு, மரபணுப் பரிசோதனைக்குக் குழந்தையின் ரத்தத்தை மட்டும் அனுப்புவது. இன்சுலின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் ஏபிசிசி8, கேசிஎன்ஜே11 மரபணுக்களில் தந்தை வழிப் பிழை மட்டும் இருந்தால் ஒரு மூலைக் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம், பெட் எடுத்தே ஆகவேண்டும். இருவழியும் பிழை என்றால் முழுக் கணையமும்தான். பெற்றோர் ரத்தம் இல்லாமல் இதை எப்படிச் சொல்வது?

ஸ்கேன் நாளில் வெறும் வயிறு வேண்டும் என்பதற்காக நரம்பு வழிக் குளுக்கோஸை நிறுத்தக்கூடாது. பெரியவர்களின் டோபா ஸ்கேனுக்குத் தரும், டோபா டோபமைனாக மாறுவதைத் தடுக்கும் கார்பிடோபா மருந்தையும் இங்கே தவிர்க்க வேண்டும். அது கணையத்தின் ஒளிர்வையே மறைத்துவிடக்கூடும்.

ஸ்கேன் படத்தைப் படிக்கும்போதும் சறுக்கல் உண்டு. கணையத் தலை இயல்பாகவே சற்று கூடுதலாக ஒளிரும். பித்தப்பை, முன்சிறுகுடல், சிறுநீரகம் ஆகியவற்றில் சேரும் மருந்தும் பக்கத்திலேயே மின்னும். மிகச் சிறிய கோளாறு பெட்டிலும் தவறலாம். ஆகவே அறுவை அறையில் திசுத் துண்டை உடனே உறையவைத்துப் பார்த்துச் சொல்லும் நோயியல் மருத்துவர் இல்லாத இடத்தில், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கணையத்தில் கைவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.