'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

'ரன்' என்றால் 'ஓடு' என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தால், ஆங்கிலம் நம்மை நன்றாகவே ஓட வைக்கும். வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 600-க்கும் மேற்பட்ட பொருள்கள்! பயப்பட வேண்டாம், கொஞ்சம் நம் வாயிலேயே இருக்கிறது. படம் 100 நாள் ஓடியது, இன்ஜின் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது: எல்லாம் அங்கேயும் 'ரன்'தான். மூக்கு மட்டும் நமக்கு ஒழுகும், அவர்களுக்கு ஓடும்.

நாம் இடறுவது, 'ரன்'னோடு சேர்ந்து வரும் குட்டிச் சொல்லில். 'ரன் அவுட்' கிரிக்கெட்டில் விக்கெட். சமையலறையில் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. 'ரன் இன்டு' ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது. அதனால் நோட்டில் ஜோடியாகவே எழுதிப் படியுங்கள்.

அப்புறம், தேர்தலில் நாம் 'நிற்கிறோம்'. பிரிட்டனிலும் 'ஸ்டாண்ட்'தான். அமெரிக்க வேட்பாளரோ 'ரன்' பண்ணுகிறார்!