நானோ உலோகப் படலங்களை இசட் ஸ்கேன் முறையில் அளப்பது எப்படி?

தங்கம் அல்லது வெள்ளி நானோ துகள்கள் படிந்த மென்படலத்தில் விழும் லேசர் ஒளியின் செறிவு கூடும்போது, படலத்தின் உட்கவர்தலும் (ஒளியை உறிஞ்சும் அளவு) ஒளிவிலகல் எண்ணும் மாறுகின்றன. அம்மாற்றத்தை அளக்க, 1990ஆம் ஆண்டு இயற்பியலாளர் ஷேக்-பஹேயும் அவர் குழுவினரும் விரிவாக வெளியிட்ட இசட் ஸ்கேன் முறையே எளியது; குவித்த கற்றையின் வழியே படலத்தை நகர்த்தி, ஊடுருவி வரும் ஒளியை அளப்பதே அம்முறை.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆய்வகங்களில் முதல் வேலை படலத்தைக் காப்பதாகும். இரு பருவமழையின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் வெள்ளியைக் கெடுத்து, 400 நானோமீட்டரை ஒட்டிய அதன் பிளாஸ்மான் முகட்டை (உலோக எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் வரும் உட்கவர் உச்சத்தை) மங்கச் செய்யும். ஆகவே சிலிக்கா ஜெல் இட்ட உலர்த்தியில் படலத்தை வைத்து, அளவிடும் நாளிலேயே உட்கவர் நிறமாலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

532 நானோமீட்டர் ஒளிக்குரிய கண்ணாடியை அணிந்தபின், கற்றையை லென்சால் குவித்து, குவியத்தின் முன்னும் பின்னும் படலத்தைச் சீராக நகர்த்துங்கள். (இந்தப் பச்சை ஒளியைத் தரும் என்டி-யாக் லேசரிலுள்ள நியோடிமியம், நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலும் இருக்கிறது.) குவியத்தில் கற்றையின் ஆரம் 20 மைக்ரோமீட்டர் எனில் ராலே நீளம் (குவியத்திலிருந்து கற்றையின் பரப்பு இரட்டிப்பாகும் தொலைவு) ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர்.

உணர்கருவியின் முன் துளைத்தட்டு (கற்றையின் நடுப்பகுதியை மட்டும் விடும் சிறுதுளைத் தகடு) இல்லாமல் முழு ஒளியையும் சேகரித்தால் உட்கவர்தல் தெரியும்: குவியத்தில் ஊடுகடத்தல் உயர்ந்தால் அது தெவிட்டுதல் (செறிவு கூடக்கூட உட்கவர்தல் குறைவது), தாழ்ந்தால் எதிர்த்தெவிட்டுதலோ (செறிவு கூடக்கூட உட்கவர்தல் மிகுவது) இருஃபோட்டான் உட்கவர்தலோ (இரு ஒளித்துகள்கள் ஒருசேர உட்கவரப்படுவது) ஆகலாம். துளைத்தட்டை வைத்து எடுத்த வரைகோட்டை முந்தையதால் வகுத்தால் ஒளிவிலகலின் பங்கு பிரியும். படலம் லென்சுப் பக்கமிருந்து நகர்கையில் வரைகோட்டில் பள்ளம் முதலிலும் முகடு பின்னரும் வந்தால் ஒளிவிலகல் மாற்றத்தின் குறி நேர்மமாகும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுவே. பள்ளத்துக்கும் முகட்டுக்குமான இடைவெளி ராலே நீளத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காக, இங்கே சுமார் 4 மில்லிமீட்டராக, இருக்கவேண்டும். அது வெகுவாக மிகுந்தால், எலக்ட்ரான்களின் துலங்கல் என்று எழுதுமுன் வெப்பத்தை ஐயுறுங்கள். துடிப்பின்றித் தொடர்ந்து ஒளிதரும் தொடரலை லேசரில் பெரும்பாலும் வெப்ப வில்லையே (சூடேறிய பகுதி லென்சுபோல் செயல்படுவதே) மேலோங்கும். படலத்தைத் தாங்கும் கண்ணாடித் தகட்டின் பங்கை அறிய, வெறுந்தகட்டையும் தனியே அளந்து, படலத்தின் சீரின்மையால் வரும் போலி ஏற்றத்தாழ்வை நீக்க, மிகக் குறைந்த ஆற்றலில் எடுத்த வரைகோட்டைக் கழித்துவிடுங்கள். இறுதியாக, ஆற்றலை மீண்டும் குறைத்து அதே புள்ளியை அளங்கள். முன்பு குறைந்த ஆற்றலில் எடுத்த வரைகோடும் இதுவும் பொருந்தாவிடில் துகள்கள் உருகியோ உருமாறியோ இருக்கக்கூடும் என்பதால், அப்புள்ளியின் முடிவுகளை விலக்கிவிட்டுப் படலத்தின் வேறு பகுதியில் தொடங்குங்கள்.