முதலில் பட்டனிலிருந்து கையை எடுங்கள்

நான் ஒன்பதாவது படிக்கும்போது செங்கோட்டையில் ஒரு கேம் கடை இருந்தது. ஒரு பிளேஸ்டேஷன், ஒரு பழைய டிவி, டெக்கன் 3 என்ற சண்டை கேமின் சிடி, மணிக்குப் பத்து ரூபாய். சாரல் விழுந்தால் கடை நிரம்பிவிடும். அதில் ஆடுகிற ஆட்களில் எல்லோருக்கும் எட்டி கோர்டோதான் வேண்டும். உதைக்கிற பட்டன் இரண்டையும் மாவாட்டுவதுபோல மாற்றி மாற்றி அழுத்தினாலே போதும், எதிராளி காலி.

ஒருநாள் ஆரியங்காவிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் வந்த ஒரு சேட்டன், பால் பீனிக்ஸ் என்ற ஆளை எடுத்து உட்கார்ந்தார். நான் உதைத்துக்கொண்டே இருந்தேன். அவர் தடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஓய்ந்த நொடியில் ஒரே குத்து. ஒரு ரவுண்டுகூட எனக்குக் கிடைக்கவில்லை. எழும்போது, “ஒன்னு நோக்கிக் களிக்கடா” என்றார், கொஞ்சம் பார்த்து ஆடுடா என்று.

இப்போது அக்கா மகன் டெக்கன் 8 வைத்துக்கொண்டு, “மாமா, காம்போ சொல்லிக் கொடுங்க” என்கிறான். காம்போ, அதாவது விடாமல் விழும் தொடர் அடி, அப்புறம். முதலில் தடுப்பு.

எதிராளிக்கு எதிர்ப்பக்க அம்புப் பட்டனை, அதாவது பின்பக்கம், அழுத்தினால் நின்றபடி தடுப்பீர்கள். மேலடியையும் நடு அடியையும் அது தடுத்துவிடும். கீழ் அடிக்கு, கீழும் பின்னும் சேர்த்து அழுத்தி உட்கார வேண்டும். ஆனால் உட்கார்ந்திருப்பவனை நடு அடி பிடித்துவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் காலைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்தே இருக்கிறார்கள், அங்கேதான் தோற்கிறார்கள். கீழ் அடியில் பெரும்பாலானவை கொஞ்சம்தான் வலிக்கும். தூக்கி எறிந்து அந்தரத்தில் பந்தாடுகிற அடிகள் பெரும்பாலும் நடு அடிகள். அதனால் நின்றே தடுங்கள், சில்லறை உதையை வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக அடையாளம் தெரிந்த கீழ் அடிக்கு மட்டும் உட்காருங்கள்.

தடுத்த பிறகு என்ன? டெக்கன் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. சதுரப் பட்டனின் இடது கைக் குத்து பெரும்பாலான ஆட்களுக்குப் பத்தே ஃபிரேமில் வந்துவிடும். பால் பீனிக்ஸின் பெரிய குத்தைத் தடுத்துப் பாருங்கள்: கையை நீட்டியபடி ஒரு கணம் மாட்டிக்கொண்டு நிற்பான். அப்போது சதுரம், முக்கோணம். இரண்டு குத்தும் விழும். உட்கார்ந்து கீழ் அடியைத் தடுத்திருந்தால், அம்புப் பட்டனிலிருந்து விரலை எடுத்து, எழுந்துகொண்டே வட்டத்தைத் தட்டுங்கள். வலது கால் பாயும். என் மருமகன் தடுத்து முடிக்கும் முன்பே அழுத்திவிடுவான். அதுவே அவனுக்குப் பெரிய அடியாகத் திரும்பி வரும்.

பயிற்சி மோடில் எதிரிக்கு ஒரு நடு அடியையும் ஒரு கீழ் அடியையும் பதிவு செய்து, மாறி மாறி வரும்படி வையுங்கள். தினம் பத்து நிமிடம், வேறொன்றும் வேண்டாம். கட்டிப்பிடிக்க வருகிறவனிடமிருந்து உட்கார்ந்தால் தப்பலாம். கீழே விழுந்தால் அதே இடத்தில் உதைத்துக்கொண்டு எழாதீர்கள், பக்கவாட்டில் உருளுங்கள்.

ஆளை அடிக்கடி மாற்றவும் வேண்டாம். ஒரு மாதம் ஒரே ஆள். எட்டியும் 2024 ஏப்ரலில் டெக்கன் 8-க்கு வந்துவிட்டான், தனியாகக் காசு கேட்கிறார்கள். ஆசை எனக்கும் இருக்கிறது, வாங்கவில்லை.

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்தால், நடுவில் நிறுத்தி நீங்களே கட்டுப்பாட்டை வாங்கி அந்த இடத்தை மறுபடி ஆடலாம். மருமகன் நேற்று ஒரே இடத்தை ஏழு தடவை ஆடினான். ஏழாவது தடவை தடுத்தான், சதுரத்தைத் தொட்டான், கரண்ட் போய்விட்டது.