பையர் முன்னால் உட்காரும்போது

திருப்பூரில் பனியன் ஆர்டர் பிடிக்கப் போகிறீர்களா? லேப்டாப்பை முதலில் திறக்காதீர்கள். சாம்பிளை பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர் கையில் கொடுங்கள். அவர் துணியைத் தடவி, தையலை இழுத்துப் பார்த்து முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம்!

"தரமான துணி" என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். நான் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்) டி-ஷர்ட் இரண்டு கொண்டுபோவேன். ஒன்று புதுசு, இன்னொன்று 5 முறை துவைத்தது. ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து, இஞ்ச் டேப்பை அவரிடமே நீட்டுவேன். ஷ்ரிங்கேஜ், அதாவது துவைத்ததில் சுருங்கியது எவ்வளவு என்று அவரே அளந்துகொள்ளட்டும்.

விலை கேட்டால் உடனே சொல்லுங்கள். நூல் விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்று அடுத்துக் கேட்பார். ஒருமுறை மழுப்பினேன், டீ வந்தது, ஆர்டர் வரவில்லை. இந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதை இப்போது கொட்டேஷனிலேயே எழுதிவிடுகிறேன்.

லேப்டாப்பில் காட்ட ஸ்லைடு நாலு போதும். ஃபேக்டரி கட்டடப் படத்தைத் தூக்கிவிட்டு, டெலிவரி தேதியை முதலில் வையுங்கள்.