கிளவுட் கிச்சன்: தொடங்கும் முன்பே தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேஜை, நாற்காலி, பரிமாறும் ஆள் என எதுவும் வேண்டாம். எனவே லாபம் கூடும் என்று நம்பித்தான் பலர் கிளவுட் கிச்சனை, அதாவது டெலிவரிக்கு மட்டுமான சமையற்கூடத்தைத் தொடங்குகிறார்கள். முதல் தவறு இந்தக் கணக்குதான்.

டெலிவரி செயலிகளின் கமிஷன் பெரும்பாலும் 15 முதல் 30 சதவீதம். விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சமையல் பொருள்களுக்கு 32, கமிஷனுக்கு 27, பேக்கிங்குக்கு 6 போனால் மிச்சம் 35. வாடகை, சம்பளம், எரிவாயு, மின்சாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். செயலியில் மேலே தெரிவதற்காக 15 சதவீதத் தள்ளுபடியையும் நீங்களே சுமந்தால், கையில் நிற்பது ஏறத்தாழ 20. கமிஷன் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கா, பிந்தைய விலைக்கா என்று ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்திடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

அடுத்தது, உணவகத்து மெனுவை அப்படியே டெலிவரிக்குக் கொண்டுவருவது. மொறுமொறுப்பாக வறுத்ததை மூடிய டப்பாவில் வைத்தால், அதன் ஆவியே அதை நமுத்துப்போகச் செய்துவிடும். அடுப்படியில் ருசி பார்த்து மெனுவை முடிவு செய்யாதீர்கள். பொட்டலம் கட்டி, அரை மணி நேரம் கழித்துப் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள்; பாதிப் பட்டியல் தானாகவே உதிரும். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகும் என்பதையும் மறக்கக் கூடாது. சமைத்த உணவு டெலிவரி ஆளுக்காகக் காத்துக் கிடப்பதும் அந்த நேரக் கணக்கில் சேரும்.

ஒரே அடுப்பில் பத்துப் பெயர்களில் கடை விரிப்பது ஒருகாலத்தில் சாமர்த்தியமாகக் கருதப்பட்டது. ஒரே மெனுவை வெவ்வேறு பெயர்களில் போட்ட ஆயிரக்கணக்கான கடைகளை 2023இல் ஊபர் ஈட்ஸ் தன் செயலியிலிருந்து நீக்கியது. பெயர் கூடினால் சரக்கு கூடும், வீணாவதும் கூடும். உச்ச நேரத்தில் வறுக்கும் சட்டி மட்டும் ஒன்றாகவே இருக்கும்.

அவசர விரிவாக்கமும் அப்படித்தான். 2021இல் டெலிவரி சமையற்கூடங்களை நடத்தும் ரீஃப் நிறுவனத்துடன் சேர்ந்து 700 டெலிவரி சமையற்கூடங்கள் திறப்பதாக அறிவித்த அமெரிக்க பர்கர் நிறுவனமான வெண்டீஸ், அடுத்த ஆண்டே அந்த இலக்கை 150க்குள் சுருக்கிக்கொண்டது. பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. முதல் கூடமே செலவைத் திருப்பித் தராதபோது, இரண்டாவதற்கு முன்பணம் கொடுக்கும் சிறு முதலாளிக்கு அந்த வசதி இல்லை.

வாடிக்கையாளரின் தொடர்பு விவரம் பெரும்பாலும் செயலியிடமே தங்கிவிடும். நேரடியாக ஆர்டர் செய்யும் எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிடுங்கள். அதற்கு முன், ஒப்பந்தம் அதைத் தடுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.